சுடாத கால்

என்னைக் காண வாற ஆக்கள் எல்லாரும் முதலிலை கீழைதான் பாக்கினம். பிறகு அவசரமாய் முகத்தைப் பாத்து, “எப்பிடி அண்ணை, சுகமோ?” எண்டு கேக்கினம். சுகம் எண்டு சொன்னால் விடமாட்டினம், கதையை முதலிலை இருந்து சொல்ல வேணும். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. ஆஸ்பத்திரியிலை பட்ட களைப்பைவிட இந்தக் களைப்புப் பெரிசு. அதுதான் ஒரேயடியாய் எழுதி வைப்பம் எண்டு இருந்திட்டன். இனி ஆரும் கேட்டால் இதைக் குடுத்துப்போட்டு நான் என்ரை பாட்டிலை படுக்கலாம்.

நான் உரும்பிராயிலை தோட்டம் செய்யிற மனிசன். வெங்காயம், புகையிலை, வாழை. அதுக்கு வெளியிலை எனக்குத் தெரிஞ்சது கோயில் ஒண்டுதான். ஐம்பது வயது தாண்டின பிறகு கோயிலும் காணாதெண்டு மீன் இறைச்சியை விட்டு, விரதம், தியானம் எண்டு தொடங்கினன். நான் ஆரெண்டு அறிய வேணும் எண்டு விடியக்காலமை கண்ணை மூடிக்கொண்டு இருப்பன். என்ரை மனிசி இராசமணி மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு, “நீங்கள் ஆரெண்டு நான் சொல்லுறன், முதல் எழும்பி வந்து இந்தக் கண்டுக்குட்டியைப் பிடியுங்கோ” எண்டுவா.

அந்த நாளையிலேயே காலிலை ஒரு வித்தியாசம் இருந்தது. கீரிமலைக்குப் போற பாதை சண்டையாலை மூடப்பட முந்தி, ஆடி அமாவாசைக்கு அப்புவின்ரை கடன் கழிக்கப் போய்க் கேணியிலை இறங்கினன். எல்லாரும் முதல் படியிலேயே “ஸ்ஸ்” எண்டு குறுகினம். எனக்குத் தண்ணி முழங்காலைத் தாண்டின பிறகுதான் குளிர் தெரிஞ்சுது. தோட்டத்திலை நடந்தால் பஞ்சிலை நடக்கிற மாதிரி. முள்ளு ஏறினாலும் தெரியாது, மனிசிதான் ரத்தத்தைக் கண்டு சொல்லுவா. நான் என்ன நினைச்சன்? உடம்பு என்னை விட்டு விலகுது, பெரியாக்கள் சொல்லுற நிலை எனக்கு வருது எண்டு நினைச்சன். ஆரிட்டையும் சொல்லேல்லை, ஆனால் உள்ளுக்குள்ளை ஒரே சந்தோசம், புளுகம்.

எங்கடை ஒரே மகள் கலியாணம் முடிச்சுக் கனடாவுக்கு வெளிக்கிட்டவள். அந்தக் காலத்திலை இஞ்சையிருந்து வெளியிலை போறதெண்டால் இருட்டுக்குள்ளை நேவிக்குத் தெரியாமல் வள்ளத்திலை கடலேரி கடக்க வேணும், கடந்தவையும் இருக்கினம், கடக்காதவையும் இருக்கினம். அவள் போய்ச் சேர்ந்தால் தீ மிதிக்கிறன் எண்டு அம்மாளுக்கு நேர்ந்தன். சேர்ந்த சேதி வந்தது. நேர்த்தியைச் செய்தன்.

தீக்குழியிலை எல்லாரும் ஓடித்தான் போவினம். நான் நடந்தன். கோயில் வீதியைச் சுத்துற மாதிரி ஆறுதலாய் நடந்து, நடுவிலை நிண்டு ஒரு கும்பிடும் போட்டன். சனம் “அரோகரா” எண்டு குழறிச்சுது. வெளியிலை வரேக்கை ஆரோ காலிலை விழுந்தினம். வீட்டை வந்து மனிசி குப்பிவிளக்கைப் பிடிச்சு அடிக்காலைப் பாத்தா. முழுக்கக் கொப்புளம்.

“சுடேல்லையோ?”

“அம்மாளாச்சியாணை, ஒண்டும் தெரியேல்லை.”

“நெருப்பெண்டால் சுடவேணுமப்பா. சுடேல்லையெண்டால் எங்கையோ பிழை.”

“உனக்கு இது விளங்காது மணி.”

“கண்டறியாத சாமி” எண்டு சொல்லிப்போட்டுத் தேங்காயெண்ணெய் பூசினா.

அடுத்த கிழமையே ஆக்கள் வரத் தொடங்கீட்டினம். திருநீறு போடச் சொல்லுறதும், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு கொண்டு வாறதும். அப்ப ஷெல்லடி, மருந்துத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை. சனத்துக்குப் பிடிச்சு நிக்க ஏதாவது ஒரு கொப்பு வேண்டியிருந்தது. பக்கத்து ஒழுங்கை பவளம் கிழமைக்கு ஒருக்கால் வருவா. அவவின்ரை மகன் ஒருநாள் பின்னேரம் சயிக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பி வரேல்லை. “சாமி, வருவானோ?” எண்டு கேப்பா. “எல்லாம் அவள் செயல், கலங்காதை” எண்டு நான் முகம் அசையாமல் சொல்லுவன். அவ அழுவா. எனக்கு ஒண்டும் செய்யாது. அதையும் ஒரு பெரிய நிலை எண்டுதான் நினைச்சன்.

புண் ஆறேல்லை. மனிசி ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி எண்டு கரைச்சல் குடுத்தா. நான் திருநீறு வைச்சுக் கட்டினன். கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை? ஒருநாள் காய்ச்சல் அடிச்சு நடுங்கத் தொடங்கீட்டுது. அறைக்குள்ளை எலி செத்த மணம். மனிசி அலுமாரியை விலக்கி எலியைத் தேடினா. பிறகு என்ரை கால்மாட்டிலை வந்து நிண்டு, தலையிலை கைவைச்சுக்கொண்டு நிலத்திலை இருந்திட்டா. எலி இல்லை, நான்தான்.

உழவு மிசின் பெட்டியிலை வைக்கல் பரப்பி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போச்சினம். ஆஸ்பத்திரி வாங்கிலை காலமை இருத்தினது, பின்னேரமாகியும் கூப்பிடேல்லை. ஆரையும் குறை சொல்லேலாது. காயக்காரர் வந்துகொண்டே இருந்தினம், சாக்கிலையும் கதவுப் பலகையிலையும் தூக்கிக்கொண்டு. காலமையே வந்த நாங்கள் எல்லாரும் பின்னுக்குப் போனம். மனிசி சீலைத் தலைப்பாலை என்ரை காலிலை மொய்க்கிற இலையானைக் கலைச்சுக்கொண்டே இருந்தா. கை மாத்திக் கை மாத்தி விசுக்கினா. நான் அப்பவும் கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தன்.

முதல் சலத்தைச் சோதிச்சவை. ஒரு நீலத் தண்ணியிலை எங்கடை சலத்தை விட்டுச் சூடாக்குவினம். நீலமாயே இருந்தால் சுகம். பச்சை, மஞ்சள் எண்டு மாற மாற உடம்பிலை சீனி கூட. என்ரையது செங்கல் நிறத்துக்கு வந்திட்டுது. சலரோகம், கனகாலமாய் இருந்திருக்கு எண்டினம். பிறகு டொக்டர் வந்தார். நித்திரை இல்லாத கண், மடிப்புக் குலைஞ்ச சட்டை. “ஐயா, கண்ணை மூடுங்கோ. ஊசியாலை குத்துறன், எந்த இடம் எண்டு சொல்லுங்கோ” எண்டார். மூடினன். கனநேரம் இருந்தன்.

“குத்துங்கோவன் டொக்டர்.”

“குத்தி முடிஞ்சுது ஐயா.”

கண்ணைத் திறந்து பாத்தன். காலிலை ஆறேழு இடத்திலை சின்னச் சின்ன ரத்தப் பொட்டு. டொக்டர் விளங்கப்படுத்தினார்: சீனி கூடிக் கூடிக் கால் நரம்பு செத்துப்போகும், செத்த நரம்பு சூடு, குளிர், நோ எதையும் மூளைக்குச் சொல்லாது, அதாலை புண் வந்தது தெரியாது, இப்ப அழுகல் எலும்பு வரை போட்டுது. முழங்காலுக்குக் கீழை கழட்ட வேணும், இல்லையெண்டால் விஷம் ரத்தத்திலை ஏறி ஆள் போயிடும் எண்டார். மனிசி, “தீ மிதிச்சவர் டொக்டர், ஒண்டும் சுடேல்லை எண்டவர்” எண்டா. அவர் என்னை நிமிந்து பாத்தார். சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

நான் ஏலாது எண்டன். இது அம்மாள் காப்பாத்தின கால், கழட்ட விடமாட்டன், கையெழுத்து வைக்கமாட்டன் எண்டன். டொக்டர் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. நல்லாய் விளங்கினது. கும்பிடு வாங்கின கால் செத்த கால் எண்டால், அந்தக் கண்மூடி இருந்த விடியக்காலமெல்லாம் என்ன? நான் ஆர்? அதுக்குச் செத்துப்போறது மேல் எண்டு இருந்தது. டொக்டர் ஒரு பேனை எடுத்துச் சிவப்பு நிக்கிற இடத்திலை காலைச் சுத்திக் கோடு கீறினார். “இது ஏறுதோ எண்டு பாப்பம். கனநாள் பாக்கேலாது” எண்டார்.

வாட்டிலை கட்டிலுக்குக் கட்டில் கைக்கெட்டின தூரம். நிலத்திலையும் பாயிலை ஆக்கள். எனக்கு அடுத்த கட்டில் அந்தோனி, அரியாலைக் கரையிலை மீன் பிடிக்கிற பெடியன். வலை இழுக்கேக்கை ஷெல் விழுந்து வலது கால் முழங்காலோடை போட்டுது. மருந்து கட்டேக்கை அவன் பேசுற தூஷணம் காது குடுத்துக் கேக்கேலாது. அவன்ரை தங்கச்சி மீன்குழம்பும் சோறும் கொண்டு வருவாள். மீன் மணம் பிடியாமல் நான் சால்வையாலை மூக்கைப் பொத்துவன். அவள் பிளாஸ்கிலை இருந்து தேத்தண்ணி வாத்து, “ஐயா, குடியுங்கோ” எண்டு நீட்டினாள். வேண்டாம் எண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தன். எங்கடை ஊரிலை ஆரிட்டைத் தண்ணி வாங்கிக் குடிக்கிறது, ஆரிட்டைக் குடிக்கிறேல்லை எண்டு ஒரு கண்டறியாத கணக்கு இருக்கு. சாகக் கிடக்கேக்கையும் அதைக் கொண்டுதான் போயிருக்கிறன்.

எனக்குக் கால் இருக்கு, நோ இல்லை. அவனுக்குக் கால் இல்லை, நோ இருக்கு. இல்லாத காலிலை விரல் முறுகுது, எரியுது, கடிக்குது எண்டு குழறுவான். நான் விசர் எண்டு நினைச்சன். மருந்து கட்டுற நேர்ஸ் மிஸிதான் சொன்னா, கால் போனாலும் அதின்ரை நரம்புகளின்ரை அடிமுனை மேலை உயிரோடைதான் இருக்கு, மூளைக்குக் கால் போனது தெரியாது, அங்கை இன்னும் கால் இருக்கிறதாய்த்தான் அது கணக்கு வைச்சிருக்கு எண்டு.

நாட்கள் ஒரே மாதிரிப் போச்சு. காலமை ஊசி, இன்சுலின். குளிர்ப்பெட்டிக்குக் கறண்ட் இல்லாத காலம், அந்த மருந்துப் போத்தல் என்ரை கட்டிலுக்குக் கீழை ஈரமணல் சட்டிக்குள்ளை இருந்தது. மனிசி மணலுக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டே இருப்பா, நாத்துக்குத் தெளிக்கிற மாதிரி. குரக்கன் புட்டு அவிச்சுக்கொண்டு உரும்பிராயிலை இருந்து நடந்து வருவா. சிலநாள் ஆரும் சயிக்கிளிலை ஏத்திக்கொண்டு வருவினம். கட்டுத்துணி ஆஸ்பத்திரியிலை காணாது எண்டு தன்ரை பருத்திச் சீலைகளைக் கிழிச்சு, பனங்காய்க் களியாலை தோய்ச்சு, அவிச்சுக் காயவைச்சுக் கொண்டு வந்தா. சவுக்காரத்துக்குப் பதிலாய் அப்ப எங்களுக்குப் பனங்காய்தான். அந்த வாசம் அழுகல் மணத்தைக் கொஞ்சம் மூடும். ஒருநாள் பாக்கிறன், கலியாணம் முடிச்ச புதுசிலை நான் வாங்கிக் குடுத்த பச்சைக்கரைச் சீலை என்ரை காலைச் சுத்தியிருக்கு. “உதை ஏன் கிழிச்சனீ?” எண்டன். “உடுத்திக்கொண்டு எங்கை போக?” எண்டா.

குண்டு போடுற பொம்மர் வந்தால் எழும்பக்கூடியவை எல்லாரும் கட்டிலுக்குக் கீழை போயிடுவினம். நானும் அந்தோனியும் மேலை கிடப்பம். “மணி, கீழை போ” எண்டு கத்துவன். அவ போகமாட்டா. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிப்பா. கோடு ஏறிக்கொண்டு வந்தது. டொக்டர் பழைய கோட்டுக்கு மேலை புதுக்கோடு கீறுவார். கீறிப்போட்டு என்ரை முகத்தைப் பாப்பார், நான் தலையாட்டமாட்டன். “நான் சொல்லிக் கேக்கிற மனிசனெண்டால் இஞ்சை வந்திருக்கமாட்டார் டொக்டர்” எண்டு மனிசி சொல்லுவா. காய்ச்சல் காலமையும் விடாமல் நிக்கத் தொடங்கீட்டுது.

ஒருநாள் மத்தியானம் திரும்பின நேரம். பாக்க வந்தவை எல்லாரும் போட்டினம். மனிசி துணி அவிக்க அடுப்படிப் பக்கம் போட்டா. வெக்கை. அந்தோனி அண்டைக்குத் தூஷணம் பேசேல்லை, சத்தமில்லாமல் அழுதுகொண்டு கிடந்தான். பிறகு என்ரை பக்கம் திரும்பினான்.

“அண்ணை, கோவியாதேங்கோ. பெருவிரலுக்குக் கீழை கடிக்குது. தாங்கேலாமல் கிடக்கு. ஒருக்கால் சொறிஞ்சு விடுங்கோவன்.”

“எங்கை?”

“காலிலைதான்.”

உனக்குக் கால் இல்லையடா தம்பி எண்டு சொல்ல வாய் வந்தது. அவன்ரை முகத்தைப் பாக்கச் சொல்லேலாமல் போச்சு. மெல்ல அரக்கி, கையை நீட்டி, அவன்ரை கட்டில் விரிப்பிலை கால் இருந்திருக்க வேண்டிய இடத்திலை வைச்சன்.

“இன்னும் கீழை... இஞ்சாலை... ஆ, அங்கைதான் அண்ணை, அங்கைதான்.”

வெறும் விரிப்பைச் சொறிஞ்சன். நகத்தாலை வறக் வறக் எண்டு சொறிஞ்சன். அவன் கண்ணை மூடி, “அப்பாடா, மாதாவே” எண்டு மூச்சு விட்டான். ஆரும் பாத்திருந்தால் இரண்டு விசரர் எண்டு சிரிச்சிருப்பினம்.

அப்ப எனக்கு நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினது, ஆனால் எழுத வருகுதில்லை. வெளிச்சம் ஒண்டும் தெரியேல்லை, அம்மாள் வரேல்லை. அவனிலை எனக்கு ஒரு விருப்பமும் இருக்கேல்லை, அவன் நல்லவனோ கெட்டவனோ எண்ட யோசினையும் இல்லை. அவன்ரை கடி போகவேணும், அவ்வளவுதான். அதுக்குள்ளை நான் எண்ட அந்தச் சாமி எங்கையோ போட்டான். அந்தச் சாமி போன இடத்திலை ஒரு அன்பு இருந்தது. நான் செய்த அன்பு இல்லை, ஆரும் கேட்டு வந்ததும் இல்லை, முதலே இருந்தது. நான்தான் அதுக்கு மேலை ஏறி இருந்திருக்கிறன். நிலத்திலை கிடந்த ஆக்களைப் பாத்தன், ஒண்டும் தெரியாமல் தேத்தண்ணி வாளியோடை வந்த மனிசனைப் பாத்தன், எல்லாரும் என்ரை உடம்பு மாதிரி இருந்தினம். எல்லாருக்கும் நோகுது எண்டு தெரிஞ்சுது. எனக்கும் நெஞ்சு நொந்தது. எத்தினையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு எங்கையோ நொந்தது அண்டைக்குத்தான்.

இதை ஏதோ பெரிய சித்தி எண்டு நினையாதேங்கோ. அண்டைப் பின்னேரமே புட்டு ஆறிப்போச்சு எண்டு மனிசியிலை எரிஞ்சு விழுந்தனான். ஆனால் அடுத்தநாள் அந்தோனியின்ரை தங்கச்சி தேத்தண்ணி வாக்க, “எனக்கும் கொஞ்சம் தா பிள்ளை, சீனி போடாதை” எண்டு வாங்கிக் குடிச்சன். மனிசி என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பாத்தா.

அந்தக் கிழமை பவளம் வந்தா, கையிலை அருச்சினைத் திருநீறோடை. “சாமி, உங்களை அம்மாள் சோதிக்கிறா” எண்டா. பிறகு வழக்கமாய்க் கேக்கிறதைக் கேட்டா. “மகன் வருவானோ?”

“எனக்குத் தெரியாது பவளம்” எண்டன். “எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லை.”

அவ என்னை வெறிச்சுப் பாத்தா. எனக்கு அழுகை வந்திட்டுது. அவவின்ரை பெடியன் சின்னனிலை எங்கடை தோட்டத்திலை வாழைக்குலை களவெடுத்து என்னட்டை அடி வாங்கினது நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னன். சொல்லி இரண்டுபேரும் அழுதம். அவ மூக்கைத் துடைச்சுக்கொண்டு, “அவன் எனக்கு அதைச் சொல்லேல்லையே” எண்டு சிரிச்சா. மகன் போன பிறகு அவ சிரிச்சு நான் கண்டதில்லை. போகேக்கை என்னைச் சாமி எண்டு சொல்லாமல், “அண்ணை, போட்டு வாறன்” எண்டுதான் சொன்னா.

அவ போன கையோடை மிஸியைக் கூப்பிட்டு, கையெழுத்து வைக்கிறன் எண்டன். டொக்டர் வந்து பாத்தார். கோடு முழங்காலை நெருங்கியிருந்தது. “முழங்கால் தப்புமோ தெரியாது ஐயா, பாப்பம்” எண்டார். தலைக்கு மேலை போன வெள்ளம், சாண் போனாலென்ன முழம் போனாலென்ன எண்டன். மனிசி கட்டில் கம்பியிலை தலையை வைச்சு விம்மினா. நான் செத்துப்போவன் எண்டு அந்த மனிசி அவ்வளவு நாளும் பயந்து கிடந்தது எனக்கு அப்பதான் உறைச்சுது. ஒருநாளும் காட்டேல்லை.

ஒப்பரேசன் தியேட்டருக்கு எடுக்கவும் காத்திருக்க வேண்டி வந்தது, காயக்காரருக்குப் பிறகுதான் நாங்கள். முதுகிலை ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழை விறைக்கப் பண்ணுறது வழக்கம். “எனக்கு உது தேவையில்லை டொக்டர், மிச்சம் பிடியுங்கோ” எண்டன். அவர் அண்டைக்குத்தான் சிரிச்சார். சிரிச்சுப்போட்டு ஊசியைப் போட்டார். வாள் அறுக்கிற சத்தம் கேட்டுது. பனைமரம் தறிக்கிற ஆக்களுக்குப் பக்கத்திலை நிண்ட மாதிரி. முழங்கால் தப்பீட்டுது.

காய்ச்சல் விட்டுது. நீலத்தண்ணி பச்சைக்கு வந்தது. சோறு ருசிக்கத் தொடங்கீட்டுது. அப்பிடி இருக்க, ஒருநாள் பின்னேரம் மனிசி எனக்குப் புட்டுக் குழைச்சுத் தந்துகொண்டிருக்கேக்கை, ஐயோ எண்டு குழறினன். கால் எரியுது. இல்லாத கால். அடிக்கால் முழுக்க நெருப்பு. விரலிடுக்கெல்லாம் தணல். தீக்குழிக்கு நடுவிலை நிண்டு கும்பிட்டனே, அந்த நெருப்பு எல்லாம் ஒண்டாய் அப்பதான் சுட்டுது.

“என்னப்பா, என்ன செய்யுது?” எண்டு மனிசி பதகளிச்சா.

“சுடுது மணி, கால் சுடுது.”

மனிசிக்கு விளங்கேல்லை. காய்ச்சலிலை பிசத்துறன் எண்டு நெத்தியைத் தொட்டுப் பாத்தா. அந்தோனிதான் அடுத்த கட்டிலிலை இருந்து, “அக்கா, அது கால்தான். பயப்படாதேங்கோ. அந்த இடத்திலை ஏதாவது செய்யுங்கோ, ஆறும்” எண்டான்.

அவ எழும்பிக் கால்மாட்டுக்குப் போனா. சனமெல்லாம் விழுந்து கும்பிட்ட அந்தக் காலை ஒருநாளும் கும்பிடாத மனிசி, எண்ணெய் பூசி, இலையான் கலைச்சு, சீலை கிழிச்சுக் கட்டின மனிசி, அந்த வெறும் விரிப்பைக் கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு குனிஞ்சு, கை சுட்ட பிள்ளைக்கு ஊதுற மாதிரி, உஃப் உஃப் எண்டு அந்த இடத்திலை ஊதினா. மூச்சு வாங்க வாங்க ஊதினா. வாட்டிலை எல்லாரும் பாத்தினம். அவவுக்கு ஒரு வெக்கமும் இல்லை.

நிமிந்து, கண்ணைத் துடைச்சுக்கொண்டு, “சுடுதோ இன்னும்?” எண்டா.

“ஓம், சுடுது.”

“அப்ப சரி” எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பவும் குனிஞ்சு ஊதினா.